பார்க்காமலே படிக்கிறவள்

ஜூலை 6

என் தங்கச்சிக்கு, அக்கா நலம். முட்டி மட்டும் என்னோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது, மற்றபடி குறையில்லை. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? இஸ்திரிப் பெட்டியை இடது கைக்கும் கொஞ்சம் பழக்கு என்று போன கடிதத்திலேயே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

பிள்ளைகளின் செய்தியை வரிசையாகச் சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் உனக்குப் படித்துக் காட்டும்போது ஓட்டமாக ஓட்டாமல் நிறுத்திப் படிக்கட்டும்.

பெரியவன் நீச்சலில் முதல். இரண்டாவதாக வந்த பையனுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு எருமை படுத்துப் புரளலாம், அவ்வளவு இடைவெளி. நடுவள் கணக்கில் நூற்றுக்கு நூறு. அவள் அப்பன், அதுதான் என் மகன், லிஃப்ட் கம்பி வெட்டுவதற்கு முன் அவளிடம் ஒருதரம் கேட்டுக்கொண்டுதான் வெட்டுகிறான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் வீட்டு லிஃப்ட் மூன்று மாதமாக நிற்கிறது, நான் நாலு மாடி ஏறுகிறேன். அது வேறு கதை.

இப்போது கடைக்குட்டி, நம் மிளகு. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒரு கதைப்புத்தகம் கொடுத்து அனுப்புகிறார்கள். கூடவே ஒரு நோட்டு. பிள்ளை படிப்பதை வீட்டுப் பெரியவர் யாராவது உட்கார்ந்து கேட்டு, கேட்டேன் என்று தினமும் கையெழுத்துப் போட வேண்டும். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட். நர்ஸ் வேலை, நேரங்காலம் கிடையாது. ஆகவே அந்தக் கையெழுத்து என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கைக்கு இந்த வயதில் இப்படி ஒரு பதவி. முதலில் நான் ஒருமுறை படித்துக் காட்டுவேன், பிறகு அவள் படிப்பாள். ஒரே மூச்சு. நேற்று கண் என்மேல் இருக்கிறது, விரல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, வாய் மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஓடுகிறது. பக்கத்தைப் பார்க்காமலே படிக்கிற பிள்ளையை நீ எங்காவது கண்டதுண்டா?

வெயிலில் நிற்காதே. தண்ணீர் குடி. பதில் போடு.

உன் அக்கா

ஜூலை 22

அக்காவுக்கு, தங்கச்சி சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதுவது. தோள் பரவாயில்லை. உன் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவிவிட்டுக் கையைக் கண்ணில் வைக்காதே.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஆறு பேர் மருந்துக்கு நின்றார்கள். ஆறு பேரும் எருமை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். காய்ச்சலோடு வந்த ஒருவர், அடுத்த கடிதம் எப்போது வரும் என்று விசாரித்துவிட்டுப் போனார். உன் பேரப்பிள்ளைகள் இந்தத் தெருவுக்கே சொந்தம் ஆகிவிட்டார்கள்.

(அம்மா, இது நானாக எழுதுவது. நான் ஓட்டமாகப் படிப்பதில்லை. கூட்டம் அதிகமானால் மட்டும் கொஞ்சம் முடுக்குவேன். - மருந்துக்கடை.)

பெரியவனுக்கும் நடுவளுக்கும் என் முத்தம். மிளகுக்கு இரண்டு. அவள் பக்கத்தைப் பார்க்காமல் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ முதலில் படித்துக் காட்டாத புத்தகத்தையும் அப்படித்தான் படிப்பாளா?

சும்மா கேட்டேன். மாடி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்.

தங்கச்சி

ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு, தைலம் வந்தது. முட்டிக்குக் குணம், மூக்குக்கு வேதனை. வீட்டில் எல்லோரும் என்னைவிட்டு ஒரு கஜம் தள்ளி நடக்கிறார்கள்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் படித்துக் காட்டாமல் ஏன் விட வேண்டும்? வீட்டில் படித்த ஆள் ஒருத்தி இருக்கும்போது பிள்ளை தடுமாறுவானேன்? வாயைத் திறந்துவிட்டுச் சொல் கிடைக்காமல் அது முழிப்பதை என்னால் பார்க்க முடியாது. உனக்கே தெரியும் என் சுபாவம். நோட்டில் இதுவரை முப்பத்தெட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பள்ளியிலேயே நாள் தவறாமல் கையெழுத்து விழுகிற நோட்டு மிளகுடையது ஒன்றுதான் என்று டீச்சர் சொன்னாராம்.

இன்னொன்று. வரும் வியாழக்கிழமை என்னைப் பள்ளிக்கு வரச்சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. மகனையும் மருமகளையும் அல்ல, என்னை. 'மிளகின் பாட்டி' என்று மேலே எழுதியிருக்கிறது. பாராட்டத்தான் கூப்பிடுவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். மருந்துக்கடையில் நிற்பவர்களிடம் காத்திருக்கச் சொல்.

தோள் இப்போது எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

செப்டம்பர் 1

அக்காவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். வியாழக்கிழமை போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன பாராட்டினார்கள்? மாலை போட்டார்களா, வெறும் வாய்ப்பேச்சா? காய்ச்சல்காரர் குணமாகிவிட்டார், இருந்தும் தினம் வந்து கேட்கிறார்.

தங்கச்சி

செப்டம்பர் 24

அக்காவுக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. முட்டிதான் மக்கர் செய்கிறது என்றால் கைக்கு என்ன வந்தது? உன் மகனுக்குப் போன் போட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள், ஆனால் அதிகம் பேசுவதில்லை என்றான். நீ அதிகம் பேசுவதில்லை என்று கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இரண்டு வரி போடு.

தங்கச்சி

அக்டோபர் 3

தங்கச்சிக்கு, நான் நலமே. நீ நலமா.

பெரியவன் மாவட்ட நீச்சலுக்குத் தேர்வாகியிருக்கிறான். நடுவளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் பரிசாக வந்தது. மழை தொடங்கிவிட்டது, துணி காய்வதில்லை. உன் தொழிலுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்தப் பள்ளி சரியில்லை. பக்கத்துத் தெருவில் பெரிய பள்ளி ஒன்று இருக்கிறது. டை, பெல்ட் எல்லாம் உண்டு. சேர்க்கும்போது பிள்ளையை நாலு பாட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் பரீட்சை. விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேறு செய்தி இல்லை.

அக்கா

அக்டோபர் 14

அக்காவுக்கு, தங்கச்சி. என் தோளைப் பற்றிக் கேட்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. பெரியவனைப் பற்றி ஒரு வரி, நடுவளைப் பற்றி ஒரு வரி, மழைக்குக்கூட ஒரு வரி. மிளகின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. மருந்துக்கடைக்காரரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், ஒருவேளை விட்டுவிட்டாரோ என்று.

(விடவில்லை அம்மா. - மருந்துக்கடை.)

நீ சொல்லாவிட்டாலும் அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாதது. குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

நான் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் நீ அப்பாவைத்தான் சொல்வாய். இளையவளைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பாய். அப்பா நிறுத்தவில்லை அக்கா. நம் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை ஒரே கூடம், ஒரே பெஞ்சு, ஞாபகம் இருக்கிறதா? நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் என் காதில் சொல்லிவிடுவாய். ஆசிரியர் என்னைக் கேட்டால் உன் வாய் முந்திக்கொள்ளும், என் வாய் அதையே திருப்பிச் சொல்லும். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. நான் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உனக்குக் கண்வலி வந்து நீ ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் பார்த்துப் பள்ளியைச் சோதிக்க அதிகாரி வந்தார். புத்தகத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். நான் பலமுறை 'படித்த' அதே பக்கம். ஆனால் நடுவில் ஒரு வரியைக் காட்டி, இங்கிருந்து படி என்றார். அக்கா, அந்த எழுத்துகள் எல்லாம் எறும்பு மாதிரி இருந்தன. ஒன்றுகூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வயிற்றுவலி என்று வீட்டுக்கு ஓடி வந்தேன். பள்ளி பிடிக்கவில்லை என்று பத்து நாள் அழுதேன். அப்புறம்தான் அப்பா விட்டுவிட்டார். உனக்குத் தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாற்பது வீட்டுத் துணியை நூல் முடிச்சு பார்த்தே பிரித்துக் கொடுக்கிறேன், ஒரு கைக்குட்டை மாறியதில்லை. ஆனால் மிளகு ஓடி வரக்கூடாது அக்கா. நாலு பாட்டு ஒப்பித்தால் சேர்த்துக்கொள்கிற பள்ளியில் அவள் இன்னும் நாலு வருஷம் ஒப்பிப்பாள். அதற்குப் பிறகு ஒருநாள் யாராவது நடுவில் ஒரு வரியைக் காட்டுவார்கள்.

உன் உடம்பு எனக்கு முக்கியம். அழாதே.

தங்கச்சி

(அம்மா, இதை எழுதும்போது கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டோம். வேறு யாரும் கேட்கவில்லை. - மருந்துக்கடை.)

நவம்பர் 5

என் தங்கச்சிக்கு, உன் அக்கா. உன் தோள் எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்.

உன் கடிதத்தை மூன்றாவது மாடிப் படியில் நின்று படித்தேன். நாலாவது மாடிக்கு ஏற எனக்கு அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. அழாதே என்று எழுதியிருந்தாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

வியாழக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். நல்ல செருப்போடு போனேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண், என் மருமகளைவிட இளையவள். மிளகு படித்த கதையின் வரிகளைக் கத்தரித்துத் துண்டு துண்டாக மேஜைமேல் வைத்திருந்தாள். மாற்றி மாற்றி வைத்த துண்டுகள். மிளகு வந்து முதல் துண்டைத் தொட்டுக் கதையின் முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது துண்டைத் தொட்டு இரண்டாவது வரியைச் சொன்னாள். துண்டில் இருந்தது வேறு வரி. அவள் கடைசிவரை அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தாள். டீச்சர் அவள் தலையைத் தடவி விளையாட அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி சின்னதாக இருந்தது. அப்போது அதற்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன். "இவ ஞாபகசக்தி தங்கம் பாட்டி. அதை வெச்சே எழுத்து தெரியாததை ரெண்டு வருஷமா மறைச்சுட்டா. அதைக் கண்டுபிடிக்காதது எங்க தப்பும்தான்" என்றாள். அந்தப் பள்ளியில் காலையில் முதல் ஒரு மணி நேரம் வகுப்பு என்பதே கிடையாதாம். எந்த வகுப்புப் பிள்ளையும் தனக்கு எவ்வளவு படிக்க வருமோ அந்தக் கூட்டத்தில் போய் உட்காரும். மிளகை முதல் கூட்டத்தில் போடப் போவதாகச் சொன்னாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ஷூ மாட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள். நடுவில் என் பேத்தி, கொக்குக் கூட்டத்தில் ஒட்டகம் மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகனிடமும் மருமகளிடமும் மூச்சுவிடவில்லை. நேரே போய் அந்தப் பெரிய பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். மிளகுக்கு மூன்று பாட்டு நெட்டுருப் போடவும் வைத்துவிட்டேன். நாலாவது பாட்டு பாதியில் இருக்கும்போது உன் கடிதம் வந்தது.

மறுநாள் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். அன்று சாயங்காலமே மகனையும் மருமகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மகன் கையெழுத்து நோட்டை எடுத்துப் புரட்டினான். மருமகள்தான், "அத்தை, நீங்க இல்லேன்னா அந்த நோட்டுல ஒரு கையெழுத்துகூட இருந்திருக்காது" என்றாள். அவளுக்கு அப்படிச் சொல்ல மனம் வந்ததே.

பிறகு பள்ளிக்குப் போய் நான் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சரைக் கேட்டேன். காலையில் பிள்ளைகள் படிப்பதைக் கேட்க வெளியாட்கள் சிலர் வருகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருகிறார், மூலைக்கடைத் தையல்காரி வருகிறாள். வந்து என்ன சொல்லித்தர வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை ஒரு சொல்லுல நின்னா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருக்கணும். அதுதான் வேலை."

அறுபத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த வேலையைப் பார்த்தாயா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. சூடான பெட்டியைக் கவனமாகத் தூக்கு.

அக்கா

நவம்பர் 19

அக்காவுக்கு, தோள் பரவாயில்லை, சத்தியமாக. மன்னிப்பா? நீ காதில் சொன்னதெல்லாம் பாசத்தில் சொன்னது. பாசத்தில் கொஞ்சம் உப்பைக் குறைத்துப் போடு, போதும்.

நீ பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருக்கப் போகிறாய் என்று கேட்டதும் கடையில் ஒரே சிரிப்பு. (நடந்ததை எல்லோருக்கும் படிக்கவில்லை, வேலையைப் பற்றி மட்டும் சொன்னோம்.) ஐந்துக்கு மேல் தாங்கமாட்டாய் என்று நான் சொன்னேன். காய்ச்சல்காரர் உன் கட்சி.

இந்தப் பொட்டலத்தில் இருமல் மிட்டாய் ஒரு டப்பா இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் யோசனை. பிள்ளை படிக்கும்போது ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொள். கரைய நேரம் ஆகும்.

(ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம் அம்மா. - மருந்துக்கடை.)

தங்கச்சி

ஜனவரி 12

தங்கச்சிக்கு, சுகம். குளிரில் முட்டி பாட்டுக் கச்சேரி நடத்துகிறது. நீ காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா?

மிட்டாய் டப்பா தீர்ந்துவிட்டது, இன்னொன்று அனுப்பு. பாட்டிக்கு ஏன் எப்போதும் தொண்டை சரியில்லை என்று ஒரு பொடிசு டீச்சரிடம் கேட்டதாம். தபால்காரரும் தையல்காரியும் இப்போது என்னிடம் கடன் வாங்கித் தின்கிறார்கள். எல்லாம் வாயடக்கத் தெரியாத கூட்டம்.

முதல் மாதம் நன்றாகப் போகவில்லை. மறைக்க மாட்டேன். ஒருநாள் மிளகு படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்றாள். சின்னக் குழந்தைகளோடு உட்காருவதைப் பார்த்து வகுப்பில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். என் வாயில் ஆயிரம் சமாதானம் வந்தது. பிள்ளை வரவில்லையே என்று டீச்சர் நாலு மாடி ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள். படி, எழுது என்று ஒரு வார்த்தை இல்லை. மிளகைக் கதை சொல்லச் சொன்னாள். எந்தக் கதையானாலும் சரி, உன் கதை என்றாள். மிளகு சொல்லச் சொல்ல அவள் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். மறுநாள் அதை அழகாக ஒரு புத்தகமாகத் தைத்து மிளகு கையில் கொடுத்துவிட்டாள். மூலைக்கடைத் தையல்காரியின் நூல்தான். கதையின் தலைப்பு, 'என் பாட்டியின் முட்டி.'

அதன் வரிகளைக் கத்தரித்துக் குலுக்கிப் போட்டால் மிளகு ஒவ்வொரு துண்டாக எடுத்து எழுத்தை விரலால் தடவித் தடவிச் சொல்வாள். அவள் முதன்முதலில் உண்மையாகப் படித்த வரி என்ன தெரியுமா? 'முட்டி பழைய கதவு மாதிரி சத்தம் போடும்.' பள்ளி முழுக்க இப்போது என் முட்டியைத்தான் படிக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் என்னைக் கதவுப் பாட்டி என்று கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் இரண்டாவது கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு சொல்லில் நின்றாள். நான் எண்ணினேன். மிட்டாய் அப்போதுதான் கரைந்து முடிந்திருந்தது, அது என் தவறல்ல. வாய் திறந்துவிட்டது. முதல் எழுத்து வருவதற்குள் மிளகு தன் விரலை என் உதட்டில் வைத்தாள்.

"பாட்டி, இன்னும் ஏழுதான் ஆச்சு."

அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு, சுகம். இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஏழு வரை போனாய் என்பதால் பந்தயத்தில் நான் தோற்றேன், காய்ச்சல்காரர் சட்டைகளை ஒரு வாரம் சும்மா தேய்த்துத் தருகிறேன். 'என் பாட்டியின் முட்டி' வேண்டும் என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள்.

வருஷக் கடைசியில் பள்ளியில் என்ன செய்வார்கள்? நாலாம் வகுப்புக்கு அனுப்புவார்களா? மிளகைவிட நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி

மார்ச் 27

என் தங்கச்சிக்கு, நாங்கள் எல்லோரும் நலம். லிஃப்ட்கூட நலம், போன செவ்வாய் முதல் ஓடுகிறது. உன் தோளும் அப்படியே ஓடட்டும்.

நேற்றுப் பள்ளியில் 'கேட்கும் நாள்'. ஒவ்வொரு பிள்ளையும் டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்து வீட்டாருக்கு எதிரே படிக்க வேண்டும். பிள்ளையோ வீட்டாரோ அதற்கு முன் பார்த்திராத தாள். வகுப்பில் எங்கள் வீடே உட்கார்ந்திருந்தது. மகன் கிரீஸ் படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மருமகள் ஷிஃப்ட் முடிந்த கையோடு வெள்ளை உடுப்பில், பெரியவனும் நடுவளும் சின்ன நாற்காலிகளில் மடங்கி. நான் இரண்டு மிட்டாயை ஒரே சமயத்தில் வாயில் போட்டுக்கொண்டேன்.

மிளகு எடுத்தது ஒரு கழுதைக் கதை. முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. மெதுவாகத்தான். ஒவ்வொரு சொல்லையும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற மாதிரி. கண் தாளைவிட்டு நகரவில்லை தங்கச்சி. என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தவரையில் அவள் என்னைப் பார்க்காமல் படித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். நீளச் சொல். இரண்டு நாற்காலி தள்ளியிருந்தும் அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மகன் என் முழங்கையைப் பிடித்தான். ஐந்து. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். 'மு' என்றாள் மிளகு. ஆறு. 'முணு' என்றாள். ஏழில் மறுபடி நின்றாள். எட்டில் என் பல்லுக்கு நடுவில் மிட்டாய் உடைந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது, யாரோ சிரித்தார்கள், அவள் திரும்பவில்லை. ஒன்பது.

"முணுமுணுத்தது" என்றாள். "கழுதை முணுமுணுத்தது."

அப்புறம் தானாகவே கொஞ்சம் சிரித்தாள். கழுதை முணுமுணுத்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை. ஒப்பித்த காலத்தில் எத்தனையோ வேடிக்கைக் கதை சொன்னாள், ஒன்றுக்குக்கூட அவள் சிரித்ததில்லை.

மீதிப் பக்கத்தையும் படித்து முடித்தாள். இரண்டு இடத்தில் தப்பு, ஒரு இடத்தில் தானே திருத்திக்கொண்டாள். வகுப்பில் அவள் முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை, எங்கோ நடுவில் இருக்கிறாள். இன்னும் பழக வேண்டும், விடுமுறையில் தினம் ஒரு பக்கம் என்று டீச்சர் சொன்னாள். ஜூனில் தன் சிநேகிதிகளோடு நாலாம் வகுப்பில் உட்காருவாள். கையெழுத்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் நேற்றைய தேதியில் போட்ட கையெழுத்துத்தான் என் பெயருக்கு முதல் நிஜமான கையெழுத்து. இதை மருந்துக்கடையில் நிறுத்திப் படிக்கச் சொல். எருமையைவிட இது பெரிய செய்தி.

இன்று காலை அவள் என்னிடம், விடுமுறையில் வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், இனி சின்னப் பாட்டிக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றாள். சின்னப் பாட்டி தூரத்தில் இருக்கிறாளே என்றேன். படம் இருந்தால் போதும், தண்ணீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்துப் படிப்பேன் என்றாள். பெட்டியைக் குடைந்து தேடியதில் உன் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பள்ளிக்கு முன்னால் நாம் இருவரும் நிற்பது. உனக்கு எட்டு வயது, ரெட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை. என் கை உன் தோளில், என் வாய் உன் காதுக்குப் பக்கத்தில்.

மிளகு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, இது என்னைவிடச் சின்னப் பொண்ணா இருக்கே. இதுக்கு நான் படிச்சுக் காட்டணுமா, சொல்லிக் கொடுக்கணுமா?"

நான் பத்து வரை எண்ணினேன். அவளே, ரெண்டும் செய்யலாம், ஆனா முகம் பெரிசாத் தெரியணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி உன்னை ஒரு புதுப்படம் எடுக்கச் சொல். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே, விறைப்பாகவும் நிற்காதே. இப்போதுள்ள முகம், இப்போதுள்ள நரை, அப்படியே தெரிய வேண்டும். கூஜா உயரத்துக்கு ஒன்றாக எடுத்து, இந்த வாரமே தபாலில் போடு.